விரதம் இருந்த சிங்கமும் மரத்துக் கழுகுகளும்

ஆப்பிரிக்கப் புல்வெளியில் அந்தக் கோடைக்கு ஒரே ஒரு குட்டைதான் மிஞ்சியது. அதன் கரையில், வேலமரத்தடியில், சிங்கராசா சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மழை வரும்வரை கறியைத் தொடுவதில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டேன். ஒவ்வொருத்தராக வந்து குடியுங்கள். வர மறுக்கிறவர்கள் என்னைச் சந்தேகப்படுகிறவர்கள். அவர்களுக்கு இங்கே தண்ணீர் கிடையாது" என்றார்.

யானைகள்கூட ராசா சொன்னால் சரிதான் என்று தலையாட்டின. கொம்பி என்ற காட்டுப்பன்றிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. நாக்கு வறண்ட குட்டிகள் அவள் காலை முட்டின. சிங்கராசாவின் கண்ணும் அந்தக் குட்டிகள்மேலேயே இருந்தது.

"என்ன கொம்பி, நம்பிக்கை இல்லையா?"

"எனக்கு இருக்கு ராசா. மரத்துமேலே இருக்கிற பிணந்தின்னிக் கழுகுகளுக்குத்தான் இல்லைபோல. விரதக்காரர் வாசலிலே பந்திக்குக் காத்திருக்காங்களே. அவங்களைப் போகச் சொல்லுங்க, மொத ஆளா நான் வர்றேன்."

ராசா மேலே பார்த்து, "எல்லாரும் கிளம்புங்கள்" என்று உறுமினார்.

கிழட்டுக் கழுகு ஒன்றுக்குச் சுருக்கென்றது. "நல்லாயிருக்கே நியாயம். சத்தம் போடாம உட்கார்ந்திருந்தா மிச்சம் எங்களுக்குன்னு காலையிலே சொன்னீங்க. இப்ப விரட்டினா எப்படி?"

யானைக்கூட்டம் காதை விரித்துக்கொண்டு குட்டையை நோக்கி நடந்தது. சிங்கம் வாலைச் சுருட்டிக்கொண்டு வெயிலில் இறங்கியது. கொம்பியின் குட்டிகள் வயிறு முட்டக் குடித்தன.

கழுகுகள் சிங்கத்தின் பின்னாலேயே பறந்தன. அதன் விரதம் இப்போதுதான் நிஜமாகத் தொடங்கியிருந்தது. மிச்சம் யாருடையதாக இருந்தாலும் அவற்றுக்குச் சம்மதம்.