வடிவு பூசிய வீடு

அந்தக் காலத்தில் கடலுக்குள் வாய் பேசாத உயிரே கிடையாது. சங்குநண்டும் அப்போது சொந்த ஓட்டோடுதான் இருந்தது. கோட்டையன் என்று பெயர். ஓட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதைத் தவிர அவனுக்கு வேறு பிழைப்பில்லை. பெருமைக்குக் கேட்கவா வேண்டும்!

கரையில் ஒரு தீமலை இருந்தது. அது கக்கிய புகையைக் கடல் விழுங்கிக்கொண்டே வந்தது. வந்ததை வேண்டாம் என்று சொல்லத் தெரியாத கடல். புகை சேரச் சேரத் தண்ணீர் புளித்தது; புளித்த தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்தது. ஓடு என்பதே சுண்ணாம்புதானே? இதெல்லாம் கோட்டையனுக்கு எப்படித் தெரியும், பாவம்.

ஒரு காலையில் ஓட்டைத் தடவினான். மெலிந்திருந்தது. மறுநாள் இன்னும் மெலிந்திருந்தது. யார் சுரண்டுகிறார்கள்? எதற்கு? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

பக்கத்துப் பாறையில் வடிவு என்ற நத்தை ஓயாமல் தன் ஓட்டுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தாள். கோட்டையனுக்குப் பொறி தட்டியது.

"ஏ வடிவு, இம்புட்டுச் சுண்ணாம்பு உனக்கு ஏது?"

"என் உடம்புல ஊறுறதுதான் அண்ணாச்சி. பூசப் பூசக் கரையுது, என்ன மாயமோ! பூசிப் பூசியே பசி உயிர் போகுது. எம் பாறையில பாசி தீந்துட்டு. உங்க பாறையில கொஞ்சம் மேஞ்சுக்கிடட்டுமா?"

"திருடுன சுண்ணாம்பை மொதல்ல வச்சிட்டுப் பேசு."

"நானா? உங்க வீட்லயா?" வடிவு திருதிருவென்று விழித்தாள்.

கோட்டையன் கொடுக்கை விரித்து வழியை மறித்தான். அவள் வெறும் வயிற்றோடு தன் பாறைக்கே திரும்பிப் போனாள். திருடி இப்படியா போவாள் என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. அப்படியென்றால் ஓடு ஏன் தேய்கிறது? ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் கொடுக்கை இறக்கவில்லை. அவள் வந்த போதெல்லாம் மறித்தான். பிறகு அவள் வருவதே நின்றுபோனது.

ஒருநாள் ஒரு கிளிமீன் தட்டுத் தடுமாறி வந்தது.

"அண்ணாச்சி, இது எங்க வீடா?"

"இது என் பாறை. ஒன் வீடு ஒனக்கே தெரியலியா?"

"வாசனை பிடிச்சுத்தான் போவேன். இப்ப ஒரு வாசனையும் தெரியல. தண்ணி ஒரே புளிப்பு."

கோட்டையன் நக்கிப் பார்த்தான். புளித்தது. அப்படியானால் ஓட்டைக் கரைத்தது இந்தத் தண்ணீர்தான், வடிவு இல்லை! கையில் அகப்பட்ட பாசியை அள்ளிக்கொண்டு ஓடினான். ஓடும்போதே அவன் ஓடு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"வடிவு! பாசி கொண்டாந்திருக்கேன் பாரு!"

அவள் ஓட்டு வீடு விரிசல் இல்லாமல் கெட்டியாக நின்றது. உள்ளே யாரும் இல்லை. உடம்பில் இருந்ததை எல்லாம் சுவருக்கே பூசிவிட்டுப் போயிருந்தாள்.

மேலே நண்டு தின்னும் ஒரு களவா மீனின் நிழல் விழுந்தது. கோட்டையன் வெறும் உடம்போடு நின்றான். வெளியே நின்றால் சாவு. உள்ளே போனால், யார் வீட்டுக்குள் போகிறோம்? அழுதுகொண்டே பின்னோக்கி நுழைந்தான்.

அன்று முதல்தான் சங்குநண்டு அடுத்தவர் ஓட்டில் குடியிருக்கிறது. நுழையும் முன் ஆள் இருக்கிறதா என்று துழாவிப் பார்க்கும். நுழைந்த பிறகும் யாராவது கிட்டே வந்தால் கொடுக்கால் வாசலை அடைத்துக்கொள்ளும். வந்தது வடிவாக இருந்தால் என்ன சொல்வதென்று அதற்கு இன்னும் தெரியவில்லை.