பாலாடைக்கட்டியின் வாசம் போன இடம்

அந்தக் காலத்தில் ஆடும் கரடியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசின. அந்தக் காலத்தில் பாலாடைக்கட்டியும் மணந்தது. இன்றைக்கு மலைக்காரர்கள் செய்கிற கட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அதே கட்டிதான். அப்போது அதற்கிருந்த வாசத்தை இன்ன பூவின் வாசம் என்று சொல்ல முடியாது. இளஞ்சூட்டுப் பாலும் வெயிலில் காய்ந்த துணியும் துளி தேனும் கலந்தது போலிருக்கும். ஒரு தடவை முகர்ந்தவர் இன்னொரு தடவை முகராமல் நகர மாட்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

அந்த மலையில் வருஷத்துக்கு நான்கு மாதம் மழை. காலை வெளியே வைக்க முடியாத மழை. விறகு நனைந்துவிடும், கிழங்கு அழுகிவிடும், ஆடுகளுக்கும் பால் வற்றிவிடும். அந்த நான்கு மாதத்துக்கும் சாப்பாடு என்றால் பாலாடைக்கட்டிதான். கோடை முழுக்க ஆட்டுப்பாலைக் கறந்து, மண்சட்டியில் இளஞ்சூடாக்கி, அத்திக்கிளையை ஒடித்து அதில் வடிகிற பாலில் நாலு சொட்டு விட்டுக் கிளறுவார்கள். சட்டியை மூடிவிட்டு ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டு வருவதற்குள் பால் திரண்டிருக்கும். அதைக் கீறி, துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்ததும் கல்லை ஏற்றி அமுக்கி, உப்புத் தடவி, குகைக்குள் மூங்கில் பரணில் வரிசையாக வைப்பார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் புரட்டிவைக்க வேண்டும். புரட்ட மறந்தால் பூசணம் பிடிக்கும்.

நல்லக்காள் புரட்ட மறந்ததே இல்லை. அந்த மலையில் அவள் கட்டியைப் போல ஒருத்திக்கும் அமையாது. அவள் புருஷன் மொக்கையனும் நல்ல மனுஷன்தான். வாசத்தை மோப்பம் பிடித்து வாசலில் யார் வந்து நின்றாலும் "வாங்க வாங்க" என்று உட்காரவைத்து ஒரு வில்லையை அறுத்துவிடுவான். கோடையிலேயே பரணில் பாதி காலி. மிச்சத்தைத் தேடிக் கரடி வரும்.

போன மழையில் அப்படித்தான் வந்தது. மழை தொடங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். குகை வாசலில் அடைத்திருந்த கல்லைப் புரட்டித் தள்ளிவிட்டு, பரணையே இழுத்துப் போட்டு, ஒன்று விடாமல் தின்றுவிட்டுப் போயிற்று. அடுத்த மூன்று மாதம் அவர்கள் கீரையையும் மரப்பட்டைக் கஞ்சியையும் குடித்துக் கிடந்தார்கள். அவளுடைய மகன் வீரணனுக்கு இரண்டு வயது. அவன் அந்த மழையைத் தாண்டவில்லை. நல்லக்காள் அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. பேசவும் முடியாது, மறக்கவும் முடியாது.

இப்போது மடியில் ஒரு பெண்குழந்தை, பிறந்து ஒரு மாதம். முதல் மழையைத் தாண்டிய பிறகுதான் அங்கே பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள். இந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்க வேண்டும். அது ஒன்றுதான் அவள் மனசில் இருந்தது. கோடை பாதி போயிருந்தது. ஒரு நாள் கட்டியைப் புரட்டக் குகைக்குப் போனவள், வாசல் மண்ணில் கரடியின் காலடியைப் பார்த்தாள். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்க, அது இப்போதே வந்து இடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

அங்கேயே உட்கார்ந்து யோசித்தாள். எந்தப் பொருளை யாரும் திருட மாட்டார்கள்? எதிரே பாறையில் தாடிக்கிடா தனியாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அது இருக்கிற திசைக்கு யாரும் போவதில்லை. பட்டியில் விழுகிற சிறுத்தைகூட அதை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்து ஆட்டைத்தான் தூக்கும். நல்லக்காள் எழுந்து முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு பாறைக்குப் போனாள்.

"தாடிக்காரரே, உங்க நாத்தத்துல எனக்குக் கொஞ்சம் தருவீகளா?"

கிடாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாத்தமா? மணம்னு சொல்லு ஆத்தா. இத வச்சுத்தான் எனக்குப் பதினேழு பொண்டாட்டி. ஒம்புருஷனுக்கு எத்தன?"

"ஒண்ணு போதும் அவருக்கு. அவரு வாய வச்சுக்கிட்டு அந்த ஒண்ணே பட்டினி கெடக்கு" என்றாள் நல்லக்காள். பிறகு காலடியைப் பற்றிச் சொன்னாள், மழையைப் பற்றிச் சொன்னாள். மகனைப் பற்றிச் சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

கிடா அசைபோடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. "போன மழையில ஒம்புள்ள போச்சு. மலையே அழுதுச்சு. நானும் இந்தப் பாறையில நின்னு பாத்தேன். அந்த வருஷம் என் குட்டிக எத்தன போச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியவில்லை.

"ஒம்போது. கரடி தின்னு போகல, கழுதப்புலி தூக்கிப் போகல. ஆட்டுக்கு இருக்கிறதே ரெண்டு காம்பு. ரெண்டையும் நீ ஒட்டக் கறந்துட்டா குட்டி எதக் குடிக்கும்?"

நல்லக்காளுக்கு முதலில் சுருக்கென்றது. ஆடு வளர்ப்பவளிடம் ஆடு கணக்குக் கேட்பதா என்று கோபம்கூட வந்தது. பிறகு, போன கோடையில் பட்டிக்குப் பின்னால் தான் குழி தோண்டியது நினைவுக்கு வந்தது. சீக்குக் குட்டி என்று சொல்லித்தான் ஒவ்வொன்றையும் புதைத்திருந்தாள். அவள் முகம் வெந்துபோயிற்று.

"சரி" என்றாள். "ஒரு காம்பு எனக்கு, ஒரு காம்பு குட்டிக்கு. இன்னக்கி சாயங்காலத்துலருந்தே."

"அப்போ என் மணத்துலயும் பாதி ஒனக்கு" என்றது கிடா. "ஆனா ஒரு பண்டத்துல ரெண்டு வாசம் நிக்காது. இருக்கிறத மொதல்ல எடுத்துரணும். உப்புத்தண்ணியில துணிய நனச்சு ஒவ்வொரு கட்டியாத் தொடச்செடு. தொடச்சு எடுத்தத உயிருள்ள ஒண்ணு மேலதான் வைக்கணும். தொடச்ச கையில தங்காது, மண்ணுல கொட்டுனா திரும்பி வந்துரும். ஒரு தடவ வச்சுட்டா வச்சதுதான், மாத்த முடியாது. எது மேல வைக்கிறேன்னு பாத்து வையி."

வீட்டில் மொக்கையனிடம் சொன்னபோது அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "பாதிப் பாலா? பாதிக் கட்டிய வச்சுக்கிட்டு நாலு மாசம் எப்படி ஓட்டுறது புள்ள?"

"முழுசையும் வச்சுக்கிட்டுப் போன வருஷம் எப்படி ஓட்டுனோம்?" என்றாள். அவன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்து, "அந்த வாசத்த நம்ம வாசல்ல நிக்கிற முருங்க மேல வச்சா என்ன? வர்றவுகளுக்கு நல்லாருக்கும்ல" என்றான். நல்லக்காள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். மலைக்கு அந்தப் பக்கம், யாரும் ஏறாத சரிவில் ஒரு ஒற்றை அத்திமரம் நின்றது. அதன் மேல் வைப்பது என்று அவள் முடிவு செய்தாள்.

சொன்னபடியே கறந்தாள். குட்டிகள் வயிறு புடைக்கக் குடித்துவிட்டுத் துள்ளின, பரண் மெதுவாகத்தான் நிரம்பியது. வானம் கறுக்கத் தொடங்கிய ஒரு காலையில் குழந்தையோடு குகைக்குப் போனாள். தூளியை வாசல் மரத்தில் கட்டி அதில் குழந்தையைப் போட்டுவிட்டு, உப்புத்தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு கட்டியாகத் துடைத்தாள். கடைசிக் கட்டியையும் துடைத்து முடித்தபோது குகையில் ஒரு வாசமும் இல்லை. எல்லாம் அவள் கையிலும் அந்தத் துணியிலும் இருந்தது. மழை வருவதற்குள் சரிவுக்குப் போய்விட வேண்டும் என்று எழுந்தாள்.

அப்போது பெரிய இடி ஒன்று இடித்தது. தூளிக்குள் குழந்தை வீறிட்டது. மூச்சே நின்றுவிடும் போன்ற அழுகை. பெற்றவள் எதை யோசிப்பாள்? துணியைப் போட்டுவிட்டு ஓடி, ஈரக் கையோடு குழந்தையை வாரி எடுத்தாள். கழுத்து நிற்காத பிள்ளை என்பதால், பின்தலையில் உள்ளங்கையும் உச்சந்தலையில் விரல்களுமாகக் கொடுத்துத்தான் தூக்கினாள்.

தூக்கிய பிறகுதான் உறைத்தது. கையை முகர்ந்தாள். வாசமில்லை. துணியை எடுத்து முகர்ந்தாள். அதிலும் இல்லை. குனிந்து குழந்தையின் தலையை முகர்ந்தாள். அத்தனை வாசமும் அங்கே இருந்தது. ஓடைக்குக் கொண்டுபோய்க் கழுவினாள், அரப்புப் போட்டுக் கழுவினாள். வாசம் போகவில்லை. கிடாவிடம் போய் அழுதாள்.

"பாத்து வையின்னு சொன்னேனே ஆத்தா" என்றது கிடா. அதற்கும் வருத்தம்தான். ஆனாலும் கொடுத்த வாக்கை மறக்காமல் அவளோடு குகைக்கு வந்து, நெற்றியையும் தாடியையும் ஒவ்வொரு கட்டியின் மேலும் தேய்த்துவிட்டுப் போயிற்று. அன்றைக்கு மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது.

அந்த மழையில் நல்லக்காளுக்குப் பசிப் பயம் போய் வேறு பயம் வந்தது. கட்டியைத் தேடி வருகிற கரடி இனி எதைத் தேடி வரும்? அவள் குழந்தையைக் கீழே விடவே இல்லை. அரிவாளைப் பாய்க்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

இரண்டாம் மாதம், மொக்கையன் சரிந்துபோன பட்டிச்சுவரை எடுத்துக் கட்டப் போயிருந்த ஒரு பகலில், குகைப்பக்கம் பெரிய தும்மல் கேட்டது. ஒன்றல்ல, ஏழெட்டுத் தும்மல். பிறகு சேற்றில் காலடி, வீட்டுப் பக்கமாக. கதவு ஒரே தள்ளில் விழுந்தது. நனைந்து எலும்பும் தோலுமாய்ப் போன கரடி ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"கட்டி எங்க?" என்றது.

"குகையில அப்படியே இருக்கு. எல்லாத்தையும் தின்னுக்க, போ" என்றாள் நல்லக்காள். அந்த நேரத்தில் அவள் அதை மனசாரத்தான் சொன்னாள்.

"அங்க கிடா செத்துக் கெடக்கு போல. கட்டி வாசம் இங்கதான வருது? மடியில என்னத்த மறைக்கிற?"

அவள் அரிவாளை ஓங்கினாள். கரடி ஒரு கையால் தட்டிவிட்டது, அரிவாள் மூலையில் போய் விழுந்தது. அவள் குழந்தையின் மேல் கவிழ்ந்துகொண்டாள். கரடி அவள் தோளுக்கு மேலாக மூக்கை நுழைத்து, குழந்தையின் உச்சந்தலையில் வைத்து, நெஞ்சு முட்ட ஒரு மூச்சு இழுத்தது.

நல்லக்காள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கரடி மறுபடி முகர்ந்தது. குழந்தை தூக்கத்தில் உதட்டைச் சப்புக்கொட்டியது. கரடி மூன்றாம் தடவையும் முகர்ந்தது.

"என்ன இது?" என்றது, குரல் ஒரு மாதிரியாக. "அதே வாசந்தான். ஆனா வாய் ஊறல. நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது."

நல்லக்காள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"நான் என் குட்டியப் பொதருக்குள்ள ஒத்தையில விட்டுட்டு வந்துருக்கேன்" என்றது கரடி, அவளிடம் சொல்வது போலவும் இல்லை. திரும்பிப் பார்க்காமல் மழைக்குள் ஓடிற்று. நல்லக்காள் அப்படியே உட்கார்ந்து, போன மழையில் அழாததையும் சேர்த்து அழுதாள்.

அன்று சாயங்காலம் மொக்கையன் மூக்கைப் பொத்திக்கொண்டு முதல் கட்டியை அறுத்தான். நாற்றம் தோலோடு சரி. உள்ளே பழைய ருசி அப்படியே இருந்தது. விருந்தாளிகள் வாசல்வரை வந்து, வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நிஜமாகவே பசித்து வந்தவர்கள் மட்டும் உட்கார்ந்து தின்றார்கள். அவர்களுக்கு மொக்கையன் எப்போதும் போல வாங்க வாங்க என்றான். பாதிக் கட்டி நான்கு மாதத்துக்குத் தாங்கியது. மழை விட்டபோது பட்டியில் ஒரு குட்டிகூடக் குறையவில்லை. பெண்ணுக்குப் பூவாயி என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் வைத்த அன்று வந்த பெண்கள் பிள்ளையைக் கை மாற்றிக் கை மாற்றி வாங்கி முகர்ந்துவிட்டு, எப்படி என்று கேட்டார்கள். நல்லக்காள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. அடுத்த கோடையில் அவர்களும் ஒரு காம்பைக் குட்டிக்கு விட்டார்கள், உப்புத்தண்ணீரில் கட்டியைத் துடைத்தார்கள், துடைத்த கையை நேரே தங்கள் பிள்ளைகளின் தலையில் வைத்தார்கள்.

அன்று முதல்தான் பாலாடைக்கட்டி கிடாவைப் போல நாறுகிறது. அதற்குச் சொந்தமான வாசம் கைக்குழந்தையின் உச்சந்தலையில் இருக்கிறது. யார் தூக்கினாலும் முதலில் அங்கேதான் மூக்கை வைக்கிறார்கள்.