ஆறு கல்லும் நரியின் வாலும்

கோடையில் காட்டுக் குட்டைகள் எல்லாம் வற்றிவிட்டன. மிச்சம் ஒரே ஒரு மடு. அதில் ஒரு முதலை. சும்மா முதலையாக இருந்தாலாவது பரவாயில்லை, அதற்குக் கணக்குப் பைத்தியம் வேறு.

தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் முன்னால் எண் கீறிய ஆறு கற்களைப் பரப்பி வைக்கும். "வேண்டிய கல்லை எடுத்துக்கொள். கூட்டு, கழி, பெருக்கு, வகு. நான் சொன்ன எண் வரவேண்டும். பாறை நிழல் என் மூக்கைத் தொடுவதற்குள் விடை சொன்னால் தண்ணீர். இல்லையென்றால் வால்!"

பக்கத்து மரத்தில் குரங்கு வால், கீரி வால், பெருச்சாளி வால் என்று வரிசையாகத் தொங்கின.

அன்று முதலில் வந்தது நரி. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. ஆனாலும் வாலை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தது. காட்டிலேயே அழகான வால் தன்னுடையது என்று அதற்கு நினைப்பு.

கற்கள் 25, 2, 7, 9, 4, 1. வரவேண்டியது ஐம்பது.

இருபத்தைந்தை இரண்டால் பெருக்கினால் ஐம்பது. நரிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 'சீச்சீ, இதைக் கழுதைகூடச் சொல்லும். ஆறு கல்லையும் போட்டுச் சொன்னால்தான் எனக்கு மரியாதை' என்று நினைத்தது.

ஒன்பதையும் ஏழையும் பெருக்கியது. இருபத்தைந்தைக் கழித்தது. நாலையும் இரண்டையும் பெருக்கிச் சேர்த்தது. ஒன்றையும் கூட்டியது. நாற்பத்தேழு! மூன்று குறைந்தது.

அதற்குள் பின்னால் நின்ற கழுதைக்குப் பொறுக்கவில்லை. "நரியண்ணே, நீங்க யோசிங்க, நான் ஒரு வாய் குடிச்சுக்கறேன்" என்று முன்னே வந்தது. "இருபத்தஞ்சு, ரெண்டு. பெருக்கினா அம்பது. இதுதான் விடை."

முதலைக்கு முகம் சுருங்கிப் போனது. "சரி, குடித்துத் தொலை."

நரி இளக்காரமாகச் சிரித்துவிட்டு மறுபடி கல்லை உருட்டியது. ஒன்பதில் ஏழு போனால் இரண்டு, அதில் ஒன்று போனால் ஒன்று. இருபத்தைந்தும் இரண்டும் தந்த ஐம்பதை அந்த ஒன்றால் பெருக்கினால் ஐம்பது!

"வந்தாச்சே, சொல்லிடுங்கண்ணே!" என்றது கழுதை, தண்ணீர் சொட்டும் வாயோடு.

"நாலு தனியாக நிற்கிறதே, உனக்கு அசிங்கமாக இல்லையா?"

"வாலைவிடவா அண்ணே அந்த நாலு பெரிசு?"

"குடிக்க வந்தவன் குடி, பேசாதே" என்று முதலை கழுதையை அதட்டியது. அதன் கண் முழுக்க நரியின் வால்மேல்தான்.

நரி எல்லாக் கல்லையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. நிழல் பாறையிலிருந்து இறங்கி, மணலைத் தாண்டி, முதலையின் மூக்கைத் தொட்டது.

லபக்!

அந்த வலியில் நரிக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது. "இருபத்தைந்து, ஒன்பது, ஏழு, ஒன்று எல்லாம் கூட்டு! நாலும் இரண்டும் பெருக்கிச் சேர்! ஐம்பது! ஆறு கல்லும் போட்டாச்சு!" என்று ஊளையிட்டது.

"அருமையான விடை" என்றது முதலை, வாலை மரத்தில் மாட்டிக்கொண்டே. "இவ்வளவு நல்ல விடைக்கு ஒரு வாய் குடித்துவிட்டுப் போ."

நரி பின்பக்கத்தை மணலில் மறைத்து உட்கார்ந்தபடி நக்கிக் குடித்தது. கழுதை பக்கத்தில் வந்து அக்கறையாகக் கேட்டது: "ஏண்ணே, என் அம்பதைவிட உங்க அம்பதுக்குத் தண்ணி இனிப்பா இருக்கா?"

இரண்டு கல்லில் முடிகிற வேலைக்குக் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஆறு கல்லைத் தூக்குகிறவன், விடை தெரிந்திருந்தும் தோற்றுப்போவான்.