வேம்பாரில் மாலை

மேற்குக் கடலோரத்துக் குளச்சல் கடற்கரையை வரைந்தே பேர் வாங்கியவர் டெல்பின். அவரிடம் ஓவியம் படிக்க வந்த சவரிமுத்து, வயதில் அவரைவிட மூத்தவர். கிழக்குக் கடலோரத்து வேம்பார்க்காரர்.

சவரிமுத்து எதை வரைந்தாலும், "அப்படியே டெல்பின் படம்" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மனிதர் நொந்துபோனார். கடைசியாக ஒரு முறை, சொந்த ஊரையே வரைந்து எடுத்துக்கொண்டு வந்தார். இதிலும் தன் கை தெரியவில்லை என்றால் தூரிகையைத் தொடுவதில்லை என்று முடிவு.

படத்தின் பெயர் 'வேம்பாரில் மாலை'. செக்கச்சிவந்த சூரியன் கடலில் பாதி முங்கியிருந்தது.

டெல்பின் வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு அண்ணாச்சி. உங்க ஊர்ல சூரியன் கடல்லயா விழும்?"

சவரிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. வேம்பாரில் சூரியன் கடலில் உதிக்கும். விழுவது பனங்காட்டுக்குப் பின்னால். பிறந்ததிலிருந்து பார்த்தவருக்கு இது தெரியாதா என்ன? அவமானத்தில் காது சுட்டது.

"உங்ககிட்டப் படிச்சது எல்லாத்தையும் மறந்தாத்தான் எனக்கு விமோசனம் டீச்சர்."

டெல்பின் செருப்பை மாட்டிக்கொண்டு அவரைக் குளச்சல் கரைக்கு அழைத்துப்போனார். சூரியன் கடலைத் தொடும் நேரம். கரையில் நின்ற எல்லாரும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்நேரம் உங்க ஊர்க் கரையில கடலைப் பாத்து நின்னா, சூரியன் எங்க இருக்கும்?"

"முதுகுக்குப் பின்னால."

"அப்போ முன்னால?"

சவரிமுத்து கண்ணை மூடி யோசித்தார்.

"கடலுக்கு அடியில இருந்து ஒரு நிறம் எந்திரிச்சு வரும் டீச்சர். நீலமுன்னும் சொல்ல முடியாது, கருப்புன்னும் சொல்ல முடியாது. புறாக் கழுத்து மாதிரி. அதுக்கு மேல லேசா ஒரு ரோஸ். அதைப் பாத்துத்தான் கரையில காயப்போட்ட வலையைச் சுருட்டுவாங்க."

சொல்லச் சொல்ல அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. சட்டென்று டெல்பின் பக்கம் திரும்பினார்.

"அதை நான் வரைஞ்சதே இல்லையே! எதோட எதைக் கலந்தா அது வரும்?"

"தெரியாதே அண்ணாச்சி" என்றார் டெல்பின். "இந்நேரத்துல நான் ஒரு நாளும் கிழக்க திரும்பிப் பாத்ததில்ல. நீங்க கலந்து பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லித் தாருங்க."