நான்கு பக்கமும் பச்சை

ஒரு காட்டில், நான்கு பாதைகள் வந்து கூடும் இடத்தில் ஒரு நாவல் மரம் நின்றது. அங்கே ஒரு காட்டுப்பூனை இருந்தது. அதற்கு வேலை என்று எதுவும் கிடையாது. வெயில் விழும் இடமாகப் பார்த்துப் படுத்துக்கொள்ளும். வெயில் நகர்ந்தால் எழுந்து கொட்டாவி விட்டு, பாதையைக் கடந்து அடுத்த பக்கம் போய்ப் படுக்கும்.

அந்தக் காட்டு விலங்குகளுக்குச் சகுனம் முக்கியம். பூனை குறுக்கே போனால், அந்தப் பாதையில் வந்தவை ஓரமாக இறங்கி உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பும். பூனையைத் திட்டிக்கொண்டேதான் குடிக்கும். அதற்குள் மற்றப் பாதைகளில் வந்தவை கடந்து போய்விடும். ஆகவே அந்த நாற்சந்தியில் யாரும் யார் மீதும் மோதியதில்லை. ஏன் மோதவில்லை என்று யாரும் யோசித்ததும் இல்லை.

நகரத்துக் குப்பைத்தொட்டிகளில் சில காலம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்த நரிக்கு இதைக் காணச் சகிக்கவில்லை. "அங்கேயெல்லாம்" என்றுதான் அது எந்தப் பேச்சையும் தொடங்கும். எல்லா விலங்குகளையும் கூட்டி வைத்துப் பேசியது.

"அங்கேயெல்லாம் பூனைக்காக நின்றால் சிரிப்பார்கள். சிக்னல் இருக்கிறது. சிவப்பு என்றால் நிற்கணும், பச்சை என்றால் போகணும்."

அவ்வளவு விளக்குக்கு நாம் எங்கே போவது என்று யானை கேட்டது.

"விளக்கு எதற்கு? நம்ம பச்சோந்தி எதற்கு இருக்கிறார்?"

எல்லாரும் பச்சோந்தியைப் பார்த்தார்கள். அது எல்லாரிடமும் நல்ல பேர் வாங்கிய பிராணி. 'மாட்டேன்' என்று பிறந்ததிலிருந்து சொன்னதே இல்லை. இப்போதும் சொல்லவில்லை.

சந்தியின் நடுவே ஒரு கல்லை நட்டு, பச்சோந்தியை அதன் மேல் ஏற்றினார்கள். குறுக்கே கட்டிய கொடியை யானை அறுத்துத் திறந்து வைத்தது. அறுத்த கையோடு தின்றும் விட்டது. இனிமேல் சந்திப் பக்கம் வர வேண்டாம் என்று பூனையிடம் சொன்னார்கள். பூனை நாவல் மரத்தின் மேல் ஏறிப் படுத்தது. மேலே வெயில் இன்னும் நன்றாகவே இருந்தது.

மான் வந்தது. பச்சோந்தி பச்சை காட்டியது. முயல் வந்தது. அதற்கும் பச்சை. யாரையும் நிற்க வைக்காத இப்படி ஒரு சிக்னல் உண்டா என்று காடே மெச்சியது. தன்னிடம் சிவப்பு என்று ஒரு நிறம் இருப்பதையே பச்சோந்தி மறந்துபோனது.

அப்போதுதான் முள்ளம்பன்றி முள்ளழகனுக்குக் கல்யாணம் வந்தது.

ஆற்றங்கரையில் பந்தல். பெண்ணின் அப்பா முன்கோபி. உச்சி வெயிலுக்குள் மாப்பிள்ளை வந்து சேராவிட்டால் பெண்ணை அதன் அத்தை மகனுக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தது. அந்த அத்தை மகனும், எதற்கும் இருக்கட்டும் என்று குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு, பந்தலில் முதல் ஆளாக உட்கார்ந்துவிட்டதாகக் கேள்வி.

முள்ளழகன் ஒவ்வொரு முள்ளிலும் ஒரு கொன்றைப் பூவைக் குத்திக்கொண்டு, மேளதாளத்தோடு மலைப் பாதையில் இறங்கி வந்தது. பச்சோந்தி வணக்கம் சொல்லிப் பச்சை காட்டியது. அதே நேரம் ஆற்றுப் பக்கமிருந்து யானைகள் வந்தன. பச்சை. புல்வெளிப் பக்கமிருந்து எருமைகள். பச்சை. மூங்கில் பக்கமிருந்து காட்டுப்பன்றிகள். அவையும் நம்மவர்கள்தானே, பச்சை.

நான்கு கூட்டமும் நடுச்சந்தியில் சந்தித்துக்கொண்டன. யானை ஒரு அடி முன்னே வைத்தது. முள் குத்தியது. பின்னே வைத்தது. பின்னால் நின்ற யானையின் தும்பிக்கை மிதிபட்டது. எருமைகள் தள்ளின. பன்றிகள் எருமைகளின் வயிற்றுக்கடியில் மாட்டிக்கொண்டன. யாராலும் முன்னே போக முடியவில்லை, பின்னே வரவும் முடியவில்லை.

நரி ஓடி வந்தது. "அங்கேயெல்லாம் இந்த மாதிரி நேரத்தில்..."

"என்ன செய்வார்கள்?" என்றது யானை, காலைத் தூக்கிப் பிடித்தபடி.

"ஹாரன் அடிப்பார்கள்."

எல்லாரும் அடித்தார்கள். காது அடைத்ததே தவிர வழி கிடைக்கவில்லை.

முள்ளழகன் பச்சோந்தியிடம் கெஞ்சியது. "அண்ணே, மற்ற மூணு பக்கமும் கொஞ்ச நேரம் சிவப்புக் காட்டுங்க. என் கல்யாணம்ணே."

"காட்டலாம் தம்பி. ஆனா யானை பெரியவர், அவர்கிட்ட எப்படி? எருமைக்குக் கோபம் வரும். பன்றி வீட்டில் போன வாரம்தான் கிழங்கு சாப்பிட்டேன். வேணும்னா உங்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாப் பச்சை காட்டட்டுமா?"

முள்ளழகன் சூரியனை அண்ணாந்து பார்த்தது. சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அதற்குச் சற்றுக் கீழே, நாவல் கிளையிலிருந்து ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது.

"பூனைச் சித்தி, கொஞ்சம் இறங்கி வாங்களேன்."

கல்யாணத்துக்குப் போகும்போது வாயால் அந்தப் பேரைச் சொல்லலாமா என்று மாப்பிள்ளையின் அம்மா தலையில் அடித்துக்கொண்டது. பூனையும் அசையவில்லை. தன்னைத்தான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே என்றது.

"பந்தல்ல அத்தை மகன் உட்கார்ந்திருக்கான் சித்தி. நீங்க எனக்குக் குறுக்கே வராம, அந்த மூணு பக்கம் மட்டும் நடந்தாப் போதும்."

பூனை ஒரு கொட்டாவி விட்டு இறங்கியது. பன்றிகளுக்கு முன்னால் நடந்தது. "சீ, சகுனமே சரியில்லை" என்று முனகியபடி பன்றிகள் பின்வாங்கி, ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் தேடின. எருமைகளுக்கு முன்னால் நடந்தது. அவையும் அப்படியே. யானையின் நான்கு கால்களுக்கு நடுவே புகுந்து போனது. யானைக்கூட்டம் பழைய வழக்கப்படி திட்டிக்கொண்டே பாதையை விட்டு இறங்கியது.

வழி திறந்தது. ஆனால் மரத்துக்குத் திரும்ப, பூனை மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குறுக்கேதான் வந்தாக வேண்டும்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க," என்றது மாப்பிள்ளையின் அம்மா. "பார்க்காத பூனைக்குச் சகுனம் கிடையாது."

மொத்த ஊர்வலமும் கண்ணை மூடிக்கொண்டு நடந்தது. மேளக்காரக் கரடி நேரே போய்ச் சிக்னல் கல்லில் மோத, பச்சோந்தி தெறித்து மாப்பிள்ளையின் முதுகுப் பூக்களுக்கு நடுவே விழுந்து மஞ்சளானது. அப்படியே கல்யாணத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

பெண்ணின் அப்பா எழுந்து அத்தை மகனின் தோளில் கை வைத்த நேரத்தில், முள்ளழகன் பந்தலுக்குள் நுழைந்துவிட்டது. தாலி கட்டியாயிற்று.

பந்தியில் பச்சோந்திக்குப் பக்கத்து இலை அத்தை மகனுக்கு. அது கண்ணைத் துடைத்துக்கொண்டு, உண்மையில் யார் மாப்பிள்ளை ஆகியிருக்க வேண்டும் என்று கேட்டது.

"எனக்கென்னவோ நீங்கதான்னு தோணுது" என்றது பச்சோந்தி.

அத்தை மகன் இலையை விட்டு எழுந்து மணவறைக்கு ஓடியது. அதைப் பிடித்து உட்கார வைப்பதற்குள் பாயசம் ஆறிப்போனது.

மறுநாள் பூனை மறுபடி சந்தியைக் கடந்தது. காடே நின்று, திட்டிவிட்டு, தண்ணீர் குடித்தது.

நீதி: எல்லாருக்கும் பச்சை காட்டுபவர் யாருக்கும் வழி விடுவதில்லை.