கோல் இல்லாத நடுவர்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார் என்றால், வேளைகெட்ட வேளையில் அவருக்கு ஓர் ஆசை வராமலா இருக்கும்? இந்த ராஜாவுக்கு மற்போர் என்றால் உயிர். சோறு ஆறிப்போனாலும் பொறுப்பார். ஆட்டம் தொடங்கத் தாமதமானால் பொறுக்க மாட்டார்.

அந்த நாட்டில் மற்போருக்கு இரண்டு நடுவர்கள். ஆள்மேல் ஆள் விழுந்தால் ஒரு பக்கம் மறைந்துபோகும் அல்லவா, அதனால் களத்துக்குக் கிழக்கே ஒருவர், மேற்கே ஒருவர். வலி தாங்காதவன் மூன்று முறை மண்ணைத் தட்டுவான். பார்த்த நடுவர் அந்தக் கணமே கோலைக் குறுக்கே நீட்டி ஆட்டத்தை நிறுத்த வேண்டும். அந்தக் கோலில் அன்னப்பறவை பொறித்த அரச முத்திரை இருக்கும். களத்து வாசலில் கல்லில் ஒரு கட்டளையும் வெட்டி வைத்திருந்தார்கள்: 'அரசர் தம் கையால் முத்திரை பதித்த இருவர் நின்று நடத்தும் ஆட்டத்தில் உறுப்பிழந்தவனை அரண்மனை ஆயுளுக்கும் காக்கும். முத்திரை பெறாதவனைத் துணைக்கு வைத்து நடத்தினால், நேரும் கேட்டுக்கு நடத்திய நடுவரே பொறுப்பு.'

அந்த ஆண்டுத் திருவிழா ஆட்டத்துக்கு மேற்கு நடுவர் வரவில்லை. எப்படி வருவார்? முதல் நாளே பிரதானி கொழுந்தப்பர் ஏதோ வேலை சொல்லி அவரை எல்லையூருக்கு அனுப்பிவிட்டார். சபையின் விகடகவி தோணியப்பனைக் கண்டாலே பிரதானிக்கு ஆகாது. ஒருநாளாவது அவனை ஊர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும் என்று காத்திருந்தவர். தோணியப்பனே நடுவராக நிற்கட்டுமே, அவனுக்குத் தெரியாத வித்தையா என்று ராஜாவின் காதில் போட்டார்.

கிழக்கு நடுவர் மாசிலாமணி பதறிப்போய், கோல் இல்லாதவரோடு நிற்க மாட்டேன் என்று கைகூப்பினார். ராஜா முகம் கொடுக்கவில்லை. எனக்கு முத்திரை இல்லையே என்று தோணியப்பனும் இழுத்தான். ராஜா மோதிரக் கையை மடக்கி அவன் நெற்றியில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார்.

"இது போதும். போய் நில்."

போனான். போனவன் சும்மா நின்றானா? ஆயிரம் பேர் பார்க்கும்போது அவனுக்கு இருப்புக்கொள்ளாது. நெற்றி வீக்கத்தைத் தடவியபடியே மல்லர்களைப் போலத் தொடை தட்டிக் காட்டினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பியிருந்த அந்த நேரத்தில், வீரணன் என்ற மல்லன் அவன் காலடியிலேயே மூன்று முறை மண்ணைத் தட்டினான். மேலே கிடந்தவன் முதுகு மறைத்ததால் மாசிலாமணிக்குத் தெரியவில்லை. எலும்பு முறிந்த சத்தம் கேட்டுத்தான் தோணியப்பன் திரும்பினான். வீரணனின் வலது தோள் போய்விட்டது.

மூன்றாம் நாள் வழக்கு சபைக்கு வந்தது. பிரதானி கட்டளையைக் கணீரென்று படித்தார். வலை விரித்தது தோணியப்பனுக்கு, விழுந்ததோ மாசிலாமணி. வீரணனை அரண்மனை காக்காது, மாசிலாமணி தம் வீட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டுக் கோலை ஒடித்துப் போட வேண்டும், தோணியப்பன் ஊரைவிட்டு ஓட வேண்டும் என்றார். மாசிலாமணிக்கு இருந்தது ஒரு கூரை வீடு. அது போனால் அவர் தெருவில் நிற்பார். அது வந்தாலும் வீரணனின் மூன்று பிள்ளைகளுக்கு வயிறு நிறையாது.

தோணியப்பனுக்கு அந்த மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. தன்னை ஓட்டினால்கூடத் தகும் என்றுதான் நினைத்தான். ஆனால் தன் கோமாளித்தனத்துக்கு இரண்டு குடும்பம் அழிவதா? தலைப்பாகையைக் கண்வரை இறக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான்.

"அரசே, கட்டளையில் கோல் என்ற சொல்லே இல்லையே."

"முத்திரையைக் கோலில் பதிப்பதுதானே வழக்கம்?" என்றார் கொழுந்தப்பர்.

"அது வழக்கம், பிரதானியாரே. கல்லில் இருப்பது, 'அரசர் தம் கையால் முத்திரை பதித்த இருவர்.'" தோணியப்பன் தலைப்பாகையைக் கழற்றினான். நெற்றி நடுவே கன்றிப்போன ஒரு தழும்பு. அதில் வளைந்த கழுத்தோடு ஓர் அன்னப்பறவை. "குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். நான் பட்டது முத்திரை மோதிரக் கையால். ஆட்டம் தொடங்கும் முன்பே, ஊரறிய, இது போதும் என்று சொல்லி அரசர் பதித்தது. நான் முத்திரை பெறாதவன் என்றால், அது அரசர் கையே அல்ல என்று பிரதானியார் இங்கே சொல்லட்டும்."

ராஜா இறங்கி வந்து மோதிரத்தைத் தழும்பின் மேல் வைத்துப் பார்த்தார். அச்சுப் பிசகாமல் பொருந்தியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீரணன் குடும்பத்துக்கு ஆயுள் முழுக்க அரண்மனைச் சோறு, மாசிலாமணி மேல் குற்றமில்லை என்று தீர்ப்பானது. மேற்கு நடுவரை அழைத்துவரப் பிரதானியே எல்லையூருக்கு நடந்து போக வேண்டும் என்றும் உத்தரவானது.

ராஜா தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துத் தோணியப்பனுக்குப் போர்த்தி, இன்னும் என்ன வேண்டும், கேள் என்றார்.

"கல்லில் இன்னும் ஒரு வரி, அரசே. அரசரே சொன்னாலும், பயிலாதவன் நடுவராக நிற்கக் கூடாது."

ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது. தம் மோதிரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

தோணியப்பன் அந்தச் சால்வையை எடுத்துக்கொண்டு நேராக வீரணன் வீட்டுக்குப் போனான். அதை மடித்து, முறிந்த கையைத் தாங்கும்படி அவன் கழுத்தோடு கட்டிவிட்டான். வீரணன் கோபப்படவில்லை, கோபப்பட்டிருக்கலாம் என்று இருந்தது தோணியப்பனுக்கு.

"சோறு வந்துச்சு சாமி. இடக்கையால திங்கப் பழகிட்டிருக்கேன்" என்றான் வீரணன். பிறகு கேட்டான்: "நான் தட்டுனது உங்க காதுல விழவே இல்லியா?"

"ஒரே சிரிப்புச் சத்தம், வீரணா."

"ஆமா சாமி. கீழ கெடக்கையில எனக்கும் கேட்டுச்சு."

ராஜா நன்றாக இருந்தார், நாடும் நன்றாக இருந்தது. நெற்றித் தழும்பும் ஒரு மாதத்தில் மறைந்தது. தோணியப்பன் பிறகும் சபையில் விகடம் சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும் ஒவ்வொரு முறையும் திரும்பி, கீழே தரையைப் பார்த்துக்கொள்வான்.