பள்ளவயலில் முதல் வாழை

பண்ணையார் தருமலிங்கம் ஒன்று சொன்னால் சொன்னதுதான். ஆற்றங்கரைப் பள்ளவயலில் இந்த வருஷம் வாழை என்று சொல்லிவிட்டார். “கன்று அழுகினால் குடிசையைக் காலி பண்ணிடு!” என்று பண்ணையில் வேலை பார்க்கும் வேம்புவை மிரட்டவும் செய்தார்.

வேம்பு ஒரு பிடி மண்ணைத் தோண்டிக் காட்டினாள். சாம்பல் நிறக் களிமண், ஊடே துருப்பிடித்தது போலச் செம்புள்ளிகள். “தண்ணி நின்னு நின்னு வந்த நிறமுங்க ஐயா. வாழை தாங்காது.”

“எவ்வளவு மழை பெஞ்சாலும் ஒரு மணி நேரத்துல வடிஞ்சிடும். எனக்கே பாடம் நடத்துறியா?”

“சரிங்க ஐயா. வழக்கப்படி முதல் கன்று உங்க கையாலதான்.”

அதற்கு வேம்பு பார்த்த நாள், பெருமழை விட்ட மறுநாள் காலை. ஊரே கூடியிருக்க, பண்ணையார் பட்டுவேட்டியோடு இறங்கினார். நாலாவது எட்டில் முழங்கால்வரை புதைந்தார். ஒரு காலை இழுத்தால் மறுகால் இன்னும் உள்ளே போனது.

“பார்த்துக்கிட்டு நிக்கிறியே, தூக்கிவிடு!”

“ஒரு மணி நேரம் பொறுங்க ஐயா. தண்ணி வடிஞ்சதும் நீங்களே நடந்து வந்திடலாம்.”

“அடிப்பாவி! இந்தக் களியில ஒரு வாரமானாலும் தண்ணி வடியாதுடி!”

ஊர் கொல்லென்று சிரித்தது. வேம்பு பலகை போட்டுக் கைகொடுத்தாள்.

கரையேறியவர் வேட்டியைப் பிழிந்தபடி முனகினார். “இனிமே நெல் நாத்துக்கு எங்க போறது?”

“போன மாசமே நாத்து விட்டு வெச்சிட்டேங்க ஐயா.”